குடியாத்தம் டிரங்குப் பெட்டியும் ஒரு பழைய கேப்சர் ஸ்டிக்கும்: நிகழ்வு ஆய்வு

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மாமா குடியாத்தத்தில் பஸ் ஏறி, கையில் ஒரு கட்டைப்பையோடு காட்பாடியில் என் வீட்டுக்கு வந்தார். பைக்குள் ஏழு வி.எச்.எஸ். வீடியோ கேசட்டுகள். அவற்றின் மேல் ரப்பர் பேண்டு போட்ட ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் விரல் நீளத்தில் ஒரு யூ.எஸ்.பி. ஸ்டிக்கும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னக் குறுந்தகடு ஒன்றும் இருந்தன. ஸ்டிக்கின் ஒரு முனை கம்ப்யூட்டருக்கு. மறு முனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள். கேசட்டில் இருக்கும் படத்தையும் ஒலியையும் கம்ப்யூட்டருக்குள் இறக்கும் கேப்சர் ஸ்டிக் அது.

“மூணு பேர்கிட்ட காட்டிட்டேன்டா. மூணு பேரும் இது செத்துப்போச்சுன்னு சொல்லிட்டாங்க. நீ ஒரு தபா பாரு.”

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். இந்த மாதிரிப் பொருள் மாதம் ஒன்றாவது வரும், வந்த வேகத்தில் திரும்பியும் போகும். இதை அப்படி அனுப்ப முடியவில்லை. காரணம் அந்த ஏழு கேசட்டில் ஒன்று.

மாமா 1988-லிருந்து ஏறக்குறைய இருபது வருடம் குடியாத்தம், பேரணாம்பட்டு, பள்ளிகொண்டா, கே.வி.குப்பம் பக்கமெல்லாம் கல்யாண வீடியோ எடுத்தவர். 1993-ல் அவருடைய அப்பாவுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, அறுபதாம் கல்யாணம் நடந்தது. அதையும் அவரேதான் எடுத்தார். தாத்தா கைத்தறியில் லுங்கி நெய்தவர். 1996-ல் காலமாகிவிட்டார். வீட்டில் அவர் படம் இருக்கிறது, குரல் எங்கும் இல்லை. அறுபதாம் கல்யாண வீடியோவை நாங்கள் எல்லோரும் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆனால் அது மிக்சிங் செய்த கேசட். அந்தக் காலத்து வழக்கப்படி முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை சினிமாப் பாட்டு ஏற்றப்பட்டது. தாத்தா வாயசைப்பார், பாட்டுத்தான் கேட்கும்.

வி.எச்.எஸ். நாடாவில் படமும் ஒலியும் ஒரே இடத்தில் இல்லை. 12.7 மில்லிமீட்டர் அகல நாடாவில் படம் சாய்கோடுகளாகப் பதிவாகிறது. சாதாரண ஒலி, நாடாவின் ஓரமாக சுமார் 1 மில்லிமீட்டர் அகலத்தில் நேர்க்கோடாக ஓடுகிறது. அதனால்தான் படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் அழித்துப் பாட்டுப் போட முடிந்தது. அப்படி அழித்த கேசட்டில் பழைய ஒலி திரும்பக் கிடைக்காது. ஆனால் மாமாவின் கட்டைப்பையில் இருந்தது கேமராவுக்குள் ஓடிய மூலக் கேசட். மிக்சிங்குக்குப் போகாதது. மற்ற வீட்டுக் கல்யாணங்களின் மூலக் கேசட்டுகளை அழித்து மறுபடி பயன்படுத்தியவர், இதை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தார். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்ததை முப்பது வருடம் கழித்துக் கண்டெடுத்திருக்கிறார். அம்மாவுக்கு இது தெரிந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை.

ஸ்டிக் உண்மையிலேயே செத்துவிட்டதா

மாமா இந்த ஸ்டிக்கை 2009-ல் வாங்கினார். அப்போது கேசட்டை டிவிடியில் போட்டுத் தரச் சொல்லி ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம். அவரிடம் இருந்த விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டரில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. அந்தக் கம்ப்யூட்டர் பழுதானதும் ஸ்டிக்கும் பெட்டிக்குள் போய்விட்டது.

என் விண்டோஸ் 11 லேப்டாப்பில் சொருகினேன். ‘டிங்’ என்று சத்தம் வந்தது. மாட்டிய சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு ‘தெரியாத சாதனம்’ என்று ஒரு வரி. முன்பு பார்த்த மூன்று பேரும் இந்த வரியைப் பார்த்துத்தான் செத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த வரிதான் நல்ல சேதியாகப் பட்டது. உண்மையிலேயே செத்த ஸ்டிக் என்றால் பெரும்பாலும் சத்தமும் வராது, வரியும் வராது. கம்ப்யூட்டர் இதனோடு பேசிவிட்டது. யார் என்று கேட்டதற்கு ஸ்டிக் பதிலும் சொல்லிவிட்டது. அந்தப் பதிலுக்குப் பொருத்தமான டிரைவர், அதாவது ஸ்டிக்கை ஓட்டத் தெரிந்த சாஃப்ட்வேர், மட்டும் இல்லை.

சரி, குறுந்தகட்டைப் பார்ப்போம் என்று வெளி சி.டி. டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கிச் சொருகினேன். அதில் இருந்தது 2000-களின் 32 பிட் டிரைவர். 64 பிட் விண்டோஸில் 32 பிட் சாஃப்ட்வேர் ஓடும், 32 பிட் டிரைவர் ஓடாது. டிரைவர் என்பது இயங்குதளத்தின் உள்ளறைக்குள் போய் உட்காரும் சமாசாரம். அங்கே அளவு பொருந்தியே ஆக வேண்டும். எவ்வளவு முயன்றாலும் அந்தக் குறுந்தகட்டால் இந்த லேப்டாப்பில் ஒன்றும் ஆகப்போவதில்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் இணையத்தில் ஸ்டிக்கின் உறையில் இருக்கும் பெயரைப் போட்டு டிரைவர் தேடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதல் காரணம், தேடினால் முதலில் வருவது டிரைவர் தேடித் தருகிறோம் என்று சொல்லி வேறு எதையோ கம்ப்யூட்டரில் ஏற்றிவிடும் இடங்கள். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம்: உறையில் இருக்கும் பெயருக்கு ஒரு மதிப்பும் கிடையாது. இந்த வகை ஸ்டிக்குகள் ஒரே அச்சில் வார்த்த ஒரே பிளாஸ்டிக் கூட்டில், ஒரே நிறத்தில் வந்தன. உள்ளே இருக்கும் சிப் மட்டும் வேறு வேறு. எஸ்.டி.கே.1160, இ.எம்.2860, யூ.எஸ்.பி.டி.வி.007, எஸ்.எம்.ஐ.2021 என்று குறைந்தது நாலு வகை எனக்குத் தெரியும். ஒன்றின் டிரைவர் இன்னொன்றுக்கு ஆகாது. இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தனுக்கு எழுதிய மருந்துச் சீட்டை இன்னொருத்தனுக்குக் கொடுக்கிற மாதிரி.

பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கேட்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் அந்த மஞ்சள் வரியைத் திறந்து, விவரங்கள் பகுதியில் ஹார்டுவேர் ஐ.டி. என்பதைத் தேர்ந்தெடுத்தால் நான்கு இலக்கங்களாக இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் தயாரிப்பாளருடையது, இரண்டாவது எண் பொருளுடையது. மாமாவின் ஸ்டிக்கில் 05இ1, 0408 என்று இருந்தது (நடுவில் வரும் ‘இ’, திரையில் ஆங்கில எழுத்தாகத் தெரியும்). அது எஸ்.டி.கே.1160. உறையைத் திறக்கவில்லை, ஸ்க்ரூ கழற்றவில்லை, இரண்டு நிமிடத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. என் அனுபவத்தில் இந்த வேலையின் பாதி இதுதான். இதைச் செய்யாமல் எத்தனை நல்ல ஸ்டிக்குகள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

எந்த வழி

மூன்று வழிகள் இருந்தன. பழைய எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடிப்பது முதல் வழி. அது எனக்குச் சம்மதமில்லை. பதினைந்து வருடப் பழைய ஹார்டு டிஸ்கை நம்பித் தாத்தாவின் குரலை அதில் இறக்க மனம் வரவில்லை.

விண்டோஸுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டரை உருவாக்கி, அதற்குள் எக்ஸ்.பி. போட்டு, ஸ்டிக்கை உள்ளே தள்ளிவிடுவது இரண்டாவது வழி. இதை முயன்று பார்த்தேன். டிரைவர் ஏறியது, பெயரும் வந்தது, படம் மட்டும் பச்சைப் பச்சையாகக் கிழிந்து வந்தது. யூ.எஸ்.பி.யில் ஒரு ஃபைலை நகலெடுக்கும்போது வழியில் ஏதாவது தவறினால் மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொள்ளும். நேரடி வீடியோ அப்படி வருவதில்லை. அதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் வந்தே ஆக வேண்டும், தவறியது தவறியதுதான். நடுவில் ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டால் அந்த நேரக்கணக்கு குலைந்துவிடுகிறது. ஒரு மாலை முழுவதும் இதில் போனது.

மூன்றாவது வழி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம். எஸ்.டி.கே.1160-க்கான டிரைவர் 2012 டிசம்பரில் வெளியான லினக்ஸ் கெர்னல் (அதன் மையப் பகுதி) 3.7-லிருந்தே அதற்குள் இருக்கிறது. யூ.எஸ்.பி.டி.வி.007-க்கு 2013-ல் வந்த 3.11-லிருந்து. இ.எம்.2860-க்கு அதற்கும் முன்பிருந்து. குறுந்தகடும் வேண்டாம், தேடலும் வேண்டாம். எஸ்.எம்.ஐ.2021 மட்டும்தான் இதில் சிரமம் கொடுக்கும் பிள்ளை. அதற்கு ஃபர்ம்வேரை, அதாவது சிப்புக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேரை, தனியாக ஏற்ற வேண்டும். விண்டோஸில் டிரைவர் கையொப்பச் சோதனையையும் மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பையும் அணைத்துவிட்டுப் பழைய டிரைவரைத் திணிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் வீட்டுக் கதவைக் கழற்றி வைக்கிற மாதிரி வேலை அது. நான் செய்யவும் மாட்டேன், செய்யச் சொல்லவும் மாட்டேன்.

கடையில் சும்மா கிடந்த ஒரு லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டேன். ஸ்டிக்கைச் சொருகினேன். கட்டளை அடிக்கும் டெர்மினலில் யூ.எஸ்.பி. பட்டியலைக் கேட்டதும் 05இ1:0408 என்று வந்து நின்றது. வீடியோ பார்க்கும் வி.எல்.சி.யைத் திறந்து, கேப்சர் சாதனத்தைத் தேர்ந்தெடுத்து, முதல் வீடியோ சாதனத்தைக் கொடுத்தேன். திரையில் என் முகம் வந்தது. லேப்டாப்பின் வெப்கேம்தான் முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெப்கேமே இரண்டு எண்களை எடுத்துக்கொள்வதால் ஸ்டிக்குக்கு மூன்றாவது எண், அதாவது ‘வீடியோ 2’. லேப்டாப்பில் செய்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை மாற்றினேன். கறுப்புத் திரை. ஆனால் பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஸ்டிக் தயார், படம் அனுப்ப ஆள் இல்லை என்று பொருள்.

டெக்கும் பாயும்

மாமாவின் டெக், அதாவது கேசட் ஓட்டும் வி.சி.ஆர்., பல வருடமாக ஓடாதது. ஸ்டிக், டெக், கேசட் மூன்றையும் ஒரே சமயத்தில் சந்தேகப்பட்டால் எதுவும் தெளியாது. அதனால் டெக்கை ஸ்டிக்கில் மாட்டும் முன், எங்கள் வீட்டுப் பழைய டியூப் டிவியில் மாட்டிப் பார்த்தேன். அதுவும் தாத்தா கேசட்டைப் போட்டு இல்லை. கட்டைப்பையில் இருந்த பழைய சினிமாக் கேசட்டைப் போட்டு. திரை முழுக்கப் புள்ளிகள், அதற்கு அடியில் எங்கோ தண்ணீருக்குள் தெரிவது போல ஓர் உருவம். ஆக, ஸ்டிக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த டெக்கோடு ஒன்றும் ஆகியிருக்காது.

வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்தில் டிவி ரிப்பேர் பார்க்கும் ஒரு பாய் இருக்கிறார். இப்போது அவர் கடையில் எல்.இ.டி. பேனல்கள்தான் அடுக்கியிருக்கின்றன. டெக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“இன்னா தம்பி, இத எங்க புடிச்ச? நான் கடைசியா ஒரு டெக்கு தொறந்து பத்து வருசம் இருக்கும்.”

“மாமாவோடது பாய். படம் புள்ளி புள்ளியா வருது.”

“ஹெட்டு அழுக்கா இருக்கும். உக்காரு.”

மூடியைக் கழற்றினார். உள்ளே சாய்வாக நிற்கும் பளபளப்பான உருளைதான் ஹெட் டிரம். நம் ஊர் வீடியோவின் பால் (PAL) முறையில் அது நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். அதன் விளிம்பில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் ஹெட்டுகள் இருக்கின்றன. மெல்லிய தோல் துண்டு ஒன்றை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து உருளையின் மேல் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை அசையவில்லை. மறு கையால் உருளையை மெதுவாகச் சுற்றினார். துண்டு கறுத்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த இடம் இது, இந்த வேலைக்கேற்ற மெல்லிய தோலுக்குப் பஞ்சமில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியை வைத்து மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் பெயர்ந்துவிடும் என்று பாய் இரண்டு முறை சொன்னார். வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்காக நானும் சொல்லிவிடுகிறேன்: துண்டை அசைக்காதீர்கள், உருளையைச் சுற்றுங்கள், மேல்-கீழாக ஒருபோதும் தேய்க்காதீர்கள்.

அப்புறம் கேசட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாளரம் வழியாக நாடாச் சுருளின் ஓரம் தெரியும். ஆறு கேசட் கறுப்பாக இருந்தது. ஏழாவதில் வெள்ளையாக மாவு பூத்தது போல ஒரு படலம். பூசணம். 2021 நவம்பரில் குடியாத்தம் வழியாக ஓடும் கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது மாமா டிரங்குப் பெட்டியைப் பரணுக்கு ஏற்றியிருக்கிறார். அதற்கு முன்பே இந்தக் கேசட்டில் ஈரம் இறங்கியிருக்க வேண்டும். “இத டெக்குல போடாத தம்பி. ஹெட்டும் போவும், அடுத்துப் போடுற கேசட்டும் போவும்” என்று சொல்லி அதைத் தனியாக ஒரு கவரில் கட்டிக் கொடுத்தார்.

மற்ற கேசட்டுகளை ஓட்டும் முன் ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் சுற்ற வேண்டும். வருடக்கணக்காக ஒரே நிலையில் இறுகிக் கிடந்த நாடா அப்போதுதான் தளரும். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஓட்டுச் சரிவுக்குக் கீழே பரணில் இருந்த பெட்டிக்குள் அதற்கும் மேலே போயிருக்கும்.

படம்

டெக் சரியானது. ஸ்டிக்கில் மாட்டினேன். படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில், கீழிருந்து மேலே உருண்டுகொண்டே. இதைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. இந்தச் சிப்பின் லினக்ஸ் டிரைவர் ஆரம்பத்தில் அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யில்தான் நிற்கிறது. அது 525 வரி, விநாடிக்கு ஏறக்குறைய 30 படம். நம்முடையது பால்: 625 வரி, அதில் படத்துக்கு 576, விநாடிக்கு 25 படம். வண்ணத்தைச் சுமந்து வரும் அலைவரிசையும் வேறு. ஒரே ஒரு கட்டளையில் பால் என்று மாற்றியதும் உருளல் நின்றது, வண்ணம் வந்தது, அளவும் 720-க்கு 576 என்று ஆனது. விண்டோஸில் செய்பவர்களுக்கும் இதே அமைப்பு ஏதாவது ஒரு மெனுவில் இருக்கும். படம் உருண்டாலோ, வண்ணம் போனாலோ, கேசட்டைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

அடுத்தது திக்கல். பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை படம் தடுக்கியது. இது என் தப்பு. கீபோர்டு, மவுஸ், பதிவை எழுதும் வெளி ஹார்டு டிஸ்க், ஸ்டிக் எல்லாவற்றையும் ஒரே யூ.எஸ்.பி. ஹப்பில் மாட்டியிருந்தேன். கணக்குப் போட்டால் விளங்கும். 720 பெருக்கல் 576 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், விநாடிக்கு 25 படம்: விநாடிக்கு 2 கோடியே 7 லட்சத்து 36 ஆயிரம் பைட். யூ.எஸ்.பி. 2.0-ல் இப்படி நேரம் ஒதுக்கி அனுப்பும் ஒரு வழித்தடத்தின் உச்சவரம்பே விநாடிக்கு ஏறக்குறைய 2 கோடியே 45 லட்சம் பைட்தான். ஸ்டிக் மட்டும் போனாலே அந்தத் தடம் கிட்டத்தட்ட நிறைந்துவிடுகிறது. அதே ஹப் வழியாக ஹார்டு டிஸ்குக்கும் எழுதச் சொன்னால் தடுக்காமல் என்ன செய்யும்? ஸ்டிக்கை லேப்டாப்பில் நேராகச் சொருகி, பதிவை உள் எஸ்.எஸ்.டி.யில் எழுத வைத்தேன். திக்கல் போய்விட்டது.

குரல்

எனக்கு அதிக நேரம் எடுத்தது ஒலிதான். அதற்காகத்தானே இவ்வளவும்.

முதல் சோதனைப் பதிவைக் கேட்டபோது ஒரே இரைச்சல். அதற்கு நடுவே யாரோ இருமும் சத்தம். மாமா நாற்காலியை நகர்த்தி முன்னால் வந்து உட்கார்ந்தார். “அப்பா இருமலாடா அது?” என்று கேட்டார். இன்னொருமுறை ஓட்டினேன். அது மாமாவின் இருமல். இரைச்சல் எங்கள் வீட்டு ஃபேனுடையது. லேப்டாப்பின் மைக்கைத்தான் அது பதிவு செய்திருந்தது. வீடியோவும் ஒலியும் ஸ்டிக்கிலிருந்து ஒரே யூ.எஸ்.பி. ஒயரில் வந்தாலும், கம்ப்யூட்டர் அவற்றை இரண்டு தனிச் சாதனங்களாகவே பார்க்கிறது. வீடியோவுக்கு ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தால் ஒலியும் தானாக வந்துவிடும் என்று நினைத்தது தப்பு. ஒலிக்கான உள்ளீட்டையும் தனியாக ஸ்டிக்குக்கு மாற்ற வேண்டும். விண்டோஸில் செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தனியுரிமை அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதி அணைந்திருந்தால் கேப்சர் சாதனத்தின் ஒலியும் சேர்ந்து அடைபட்டுவிடும்.

மாற்றினேன். இப்போது இடது பக்கத்தில் மட்டும் ஒலி, அதுவும் ‘ம்ம்ம்’ என்ற உறுமலுக்கு அடியில். இடது பக்கம் மட்டும் வருவதில் தப்பு இல்லை. மாமாவின் கேமராவும் டெக்கும் மோனோ, டெக்கின் பின்னால் ஒலிக்கு ஒரே ஒரு வெள்ளைத் துளைதான். ஸ்டிக்கின் சிவப்புத் துளை சும்மா நிற்கிறது. பதிவு முடிந்த பிறகு இடதை இரண்டு பக்கமும் நகலெடுத்துக்கொண்டால் போதும். உறுமல்தான் பிரச்சினை. 50 ஹெர்ட்ஸ் கரண்டின் உறுமல் அது. சோதிக்கும்போது டெக்கின் ஆன்டெனா துளையில் கேபிள் டிவி ஒயரையும் மாட்டி வைத்திருந்தேன். லேப்டாப் சார்ஜரின் எர்த் ஒரு பக்கம், தெருவிலிருந்து வரும் கேபிள் ஒயரின் உறை இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஏ.வி. ஒயர். அந்தச் சுற்றில் ஓடும் மின்சாரம்தான் உறுமலாகக் கேட்கிறது. கேபிள் ஒயரைப் பிடுங்கினேன். உறுமல் பெரும்பாலும் அடங்கியது. சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டியதும் மொத்தமாக நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கேசட்டையும் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு பேட்டரியில்தான் பதிவு செய்தேன்.

கடைசியாக உதட்டசைவுக்கும் ஒலிக்கும் பொருத்தம். அரை மணி நேரம் ஓடியதும் படம் முந்திக்கொண்டு போனது, ஒலி பின்தங்கியது. கேமராவை நிறுத்தி நிறுத்தி எடுத்த கேசட் என்பதால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிக்னல் ஒரு கணம் தடுமாறுகிறது. அந்த இடத்தில் ஸ்டிக் சில படங்களை விட்டுவிடுகிறது. ஒலி விடாமல் ஓடுகிறது. இதற்கு முழுமையான மருந்து, டெக்குக்கும் ஸ்டிக்குக்கும் நடுவில் நேரத்தைச் சரிசெய்யும் கருவி ஒன்றை வைப்பது. டைம் பேஸ் கரெக்டர் என்பார்கள். அது என்னிடம் இல்லை, வாடகைக்கும் இங்கே கிடைக்கவில்லை. அதனால் எஃப்.எஃப்.எம்பெக் என்ற சாஃப்ட்வேரைக் கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் அது வந்த நேரத்தை முத்திரையாகக் குத்தி, எம்.கே.வி. கோப்பில் எழுத வைத்தேன். விடுபட்ட இடத்தில் முந்தைய படமே ஒரு கணம் கூடுதலாக நிற்கும், ஒலி நகராது. வி.எல்.சி.யில் நேரடியாகப் பார்க்கும்போது தெரியும் தாமதத்தை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. பதிவான கோப்பை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

எந்த வடிவில் எழுதுவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கேசட்டை இன்னும் எத்தனை முறை ஓட்ட முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதல் பதிவு இழப்பில்லாததாக இருக்க வேண்டும். சுருக்காமல் எழுதினால் மணிக்கு 75 ஜி.பி. ஆகும். எஃப்.எஃப்.வி.1 என்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் தாத்தாவின் 52 நிமிடக் கேசட் 27 ஜி.பி.யில் அடங்கியது. படத்தின் அடியில் ஓடும் சில வரிக் கலங்கலை வெட்டவில்லை. அது ஹெட் மாறும் இடம், எல்லா வி.எச்.எஸ்.சிலும் இருக்கும். ஒரு படத்தின் இரட்டை, ஒற்றை வரிகள் தனித்தனியாக வருவதால் கற்பூரத் தட்டு அசையும் இடங்களில் சீப்புப் பல் போலத் தெரிவதையும் மூலத்தில் கை வைக்காமல் விட்டேன். வீட்டில் எல்லோருக்கும் அனுப்ப வேறு நகல் எடுத்து, அதில்தான் சீப்புப் பல்லை நீக்கி விநாடிக்கு 50 படமாக்கினேன். 25 ஆக்கிவிட்டால் அசைவு முரடாகிவிடும்.

புதன்கிழமை இரவு முழுப் பதிவையும் அம்மாவும் மாமாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். 31-வது நிமிடத்தில் பந்தி. தாத்தா மாலையோடு இலை முன் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இலை காலி. நேராகக் கேமராவைப் பார்த்துச் சொல்கிறார்:

“டேய், மிசினக் கீழ வச்சிட்டு வந்து சாப்புடு. எல வாடுது பாரு.”

அம்மா எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமாதான் கேட்டார், “இன்னொரு தபா போட்டா கேசட் தேயுமாடா?” இது கேசட் இல்லை மாமா, தேயாது என்றேன். பதினொரு மணிவரை அந்த இடத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

மீதி ஐந்து கேசட்டும் அடுத்த இரண்டு ஞாயிறுகளில் முடிந்தன. பூசணம் பிடித்தது மட்டும் பாக்கி. அது 1994-ல் குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவின் சிரசு ஊர்வலத்தன்று, தாத்தா வீட்டுத் திண்ணையிலிருந்தே மாமா எடுத்தது. நாடாவை வெளியே எடுத்து ஓரம் துடைத்து வேறு கூட்டில் ஏற்ற வேண்டும் என்கிறார் பாய். ஒட்டு வைக்காமல் ஸ்க்ரூ போட்ட நல்ல காலிக் கேசட் கூடு ஒன்று வேண்டும். மாமா குடியாத்தத்தில் பழைய வீடியோக் கடைக்காரர்கள் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.